வீட்டு வைஃபையில் வெளியாள் நுழையாமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் சுவரில் துளை போட்டு, வயரை இழுத்து, பெட்டியை மாட்டிவிட்டு, "சார், வைஃபைக்கு என்ன பேர் போடட்டும்? பாஸ்வேர்ட் என்ன வைக்கட்டும்?" என்று கேட்பார். அடுத்த வீட்டு வேலைக்கு அவருக்கு நேரமாகிவிட்டிருக்கும். நாமும் அவசரத்தில் வீட்டுப் பெயரையும் நம் கைபேசி எண்ணையும் சொல்லிவிடுவோம். சில இடங்களில் கேட்கக்கூட மாட்டார்கள். தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் தொடுவதில்லை. நெட் வராத நாளில் ஸ்விட்சை அணைத்துப் போடுவதோடு சரி.

நான்கைந்து வருடத்தில் அந்த பாஸ்வேர்ட் எங்கெங்கே போயிருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விசேஷத்துக்கு வந்த உறவினர்கள், மகனோடு படிக்க வந்த நண்பர்கள், காலி செய்துவிட்டுப் போன மாடிக் குடித்தனக்காரர், கேமரா மாட்ட வந்தவர், ஏசி சர்வீசுக்கு வந்தவர் என்று பட்டியல் நீளும். வீட்டு வைஃபையில் வெளியாள் புகுந்துவிட்டான் என்று யாராவது சொல்லும்போது, பெரும்பாலும் அங்கே யாரும் எதையும் உடைத்திருக்க மாட்டார்கள். பாஸ்வேர்ட் வீட்டிலிருந்தே வெளியே போயிருக்கும், இல்லையென்றால் யாரும் ஊகிக்கக்கூடியதாக இருந்திருக்கும். வீட்டு நெட்வொர்க்குக்குப் பொறுப்பானவர் என்று ஒருவர் வீட்டிலேயே இல்லாததுதான் உண்மையான ஓட்டை. இந்த வழிகாட்டியைப் பின்பற்றி முடிக்கும்போது அந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

இதில் என்ன பெரிய ஆபத்து?

பக்கத்து வீட்டுப் பையன் நம் நெட்டில் யூடியூப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. வேகம் குறைவது சின்ன விஷயம்தான். பெரிய விஷயம் வேறு. உங்கள் இணைப்பிலிருந்து யார் எதைச் செய்தாலும் வெளியுலகத்துக்குத் தெரிவது உங்கள் பெயரில் இருக்கும் ஐபி முகவரி, அதாவது உங்கள் இணைப்பின் அடையாள எண்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. போலீஸ் அதன் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போனபோது, அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் நின்றது. அவருடைய வைஃபை பூட்டப்படாமல் திறந்து கிடந்தது. அவர் விசாரணையை எதிர்கொள்ள வேண்டியிருந்தது, கணினிகளும் ஆய்வுக்குப் போயின. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சல், மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகப் போயிருந்தது. அடுத்த வருடம், 2009இல், மத்திய தொலைத்தொடர்புத் துறை பாதுகாப்பில்லாத வைஃபை குறித்து இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் வெளியிட்டதற்கு இந்தச் சம்பவங்கள்தான் பின்னணி.

இன்னொன்று, ஒரே வைஃபைக்குள் இருக்கும் கருவிகள் பொதுவாக ஒன்றையொன்று பார்க்க முடியும். உள்ளே வந்தவருக்கு உங்கள் கேமரா ரெக்கார்டரின் லாகின் பக்கம், பிரிண்டர், கணினியில் ஷேர் செய்து வைத்த ஃபோல்டர், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வைஃபை பெட்டியின், அதாவது ரவுட்டரின் லாகின் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும்.

முதலில் ரவுட்டருக்குள் நுழையுங்கள்

நீங்கள் இப்போது வைஃபையில் இருக்கும் கைபேசியிலேயே தொடங்கலாம். ஆண்ட்ராய்டில் வைஃபை செட்டிங்ஸுக்குப் போய், இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டால் 'கேட்வே' என்று ஓர் எண் தெரியும். ஐபோனில் அதே இடத்தில் 'ரவுட்டர்' என்று இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஜியோ ஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1. அந்த எண்ணை அப்படியே பிரௌசரின் முகவரிக் கட்டத்தில் அடியுங்கள். கூகுள் தேடல் முடிவுகள் வந்து நின்றால், எண்ணுக்கு முன்னால் http:// சேர்த்து அடிக்க வேண்டும். பாதுகாப்பற்ற பக்கம் என்று பிரௌசர் எச்சரித்தாலும் பயப்பட வேண்டாம். அது உங்கள் வீட்டுப் பெட்டியின் பக்கம்தான், தொடரலாம்.

லாகின் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்க வேண்டாம். முடிந்தால் ஒரு லேன் கேபிளில் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றிய கணமே வைஃபை துண்டிக்கப்படும். கேபிளில் இருந்தால் பாதியில் வெளியே வந்து நிற்க வேண்டியதில்லை.

பல நிறுவனங்கள் தங்கள் செயலியிலேயே வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்ற வசதி தருகின்றன. அவசரத்துக்கு அது நல்ல வழி. ஆனால் கீழே சொல்லப்போகும் மற்ற வேலைகளுக்கு ரவுட்டர் பக்கத்துக்குள் போயே ஆக வேண்டும்.

அட்மின் பாஸ்வேர்ட்

ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. வைஃபை பாஸ்வேர்ட் வீட்டுக்குள் வரும் சாவி என்றால், அட்மின் பாஸ்வேர்ட் பூட்டையே கழற்றி வேறு பூட்டு மாட்டும் உரிமை. அது 'அட்மின்', 'அட்மின்' என்றே இருக்கும் பெட்டிகள் இன்றும் ஏராளம். எந்த மாடலுக்கு எது தொடக்க பாஸ்வேர்ட் என்ற பட்டியல்கள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன.

2016இல் 'மிராய்' என்ற தீநிரல் (கெடுதல் செய்யும் மென்பொருள்) உலகம் முழுக்க ரவுட்டர்களையும் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்துத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அதனிடம் பெரிய தந்திரம் எதுவும் கிடையாது. தொழிற்சாலையில் போட்டுவரும் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் அறுபதுக்கும் சற்று அதிகமாக அதனிடம் இருந்தன. அவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகள் எல்லாம் சேர்ந்து தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் 'டைன்' என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் உட்படப் பெரிய தளங்கள் பல மணி நேரம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தடுமாறின.

ஆகவே முதல் வேலை இதுதான். 'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேஷன்', 'மேனேஜ்மென்ட்' போன்ற தலைப்பின் கீழ் அட்மின் பாஸ்வேர்டை மாற்றும் இடம் இருக்கும். வைஃபை பாஸ்வேர்டிலிருந்து முற்றிலும் வேறான ஒன்றை வையுங்கள். இதைத் தினமும் அடிக்கப்போவதில்லை என்பதால் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். ஒரு தாளில் எழுதி, கேஸ் புத்தகமும் மின்கட்டண அட்டையும் இருக்கும் கவரில் போட்டு வையுங்கள். பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சீன ஹேக்கருக்கும் எதிர்வீட்டு மாணவனுக்கும் உங்கள் அலமாரிக்குள் இருக்கும் தாள் எட்டாது. மறந்துபோனால் பெட்டியை ரீசெட் செய்ய வேண்டிவரும், அப்போது செய்த வேலை எல்லாம் வீண்.

பெட்டியின் மேல் வைஃபை பாஸ்வேர்டை ஸ்டிக்கராக ஒட்டி, அது ஹாலில் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி இருந்தால், அதையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

வைஃபை பாஸ்வேர்ட்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான படி இது.

இன்று பெரும்பாலான வீடுகளில் ஓடுவது டபிள்யூ.பி.ஏ.2 என்ற பூட்டு. ஒரு கைபேசி வைஃபையில் இணையும்போது இரண்டுக்கும் நடுவே சில செய்திகள் காற்றில் போய்வரும். பாஸ்வேர்ட் அதில் நேரடியாக இருக்காது. ஆனால் அந்தச் செய்திகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்துகொண்ட ஒருவர், தன் வீட்டுக்குப் போய் நிதானமாக, 'இந்த பாஸ்வேர்டாக இருக்குமா, அதுவாக இருக்குமா' என்று கணினியை வைத்துச் சோதிக்க முடியும். அப்படிச் சோதிப்பது உங்கள் ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. தவறான முயற்சி என்று தடுப்பதற்கும் ஆள் இல்லை. கேம் விளையாடும் கணினியில் இருக்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும்.

இப்போது கைபேசி எண்ணை எடுத்துக்கொள்வோம். பத்து இலக்கம், பார்க்க நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும். மொத்தமே 400 கோடி வாய்ப்புகள். நொடிக்குப் பத்து லட்சம் என்றால் 4,000 நொடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடத்தில் எல்லா எண்களையும் பார்த்து முடித்துவிடலாம். உங்கள் எண் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பிறந்த தேதி இன்னும் மோசம். எட்டு இலக்கத்தில் நூறு வருடத் தேதிகள் மொத்தம் 36,525தான். ஒரு நொடிகூட ஆகாது.

பெயரோடு 123, பெயரோடு பிறந்த வருடம், முருகன், ஓம்சக்தி, வெற்றிவேல், பிடித்த நடிகர், பிடித்த கிரிக்கெட் அணி, இவற்றோடு ஒரு அட் குறி. நம் ஊர் வைஃபைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்று தயங்காமல் சொல்வேன். இதை உடைக்கக் கணினி தேவையில்லை. உங்களைத் தெரிந்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் போதும். ஏ என்ற எழுத்துக்குப் பதில் அட் குறி, ஓவுக்குப் பதில் பூஜ்யம் போடுவதையெல்லாம் உடைக்கும் மென்பொருள்கள் தாமாகவே முயன்று பார்த்துவிடும்.

என்னதான் வைப்பது? ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து சாதாரணச் சொற்கள். குடை, எருமை, தாழ்வாரம், பென்சில், ரசம் என்பதுபோல. அவற்றை ஆங்கில எழுத்தில், எல்லாம் சிறிய எழுத்தாக, இடைவெளி இல்லாமல் சேர்த்து அடியுங்கள். வெறும் இரண்டாயிரம் சொற்களிலிருந்துதான் நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது எதிராளிக்குத் தெரிந்திருந்தாலும், அந்த ஒரு கார்டை வைத்து எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஆயிரம் வருடம் ஆகும். நம் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவோம் என்பது கூடுதல் பலம். சொற்களை மனம்போன போக்கில் யோசிக்காமல், ஏதாவது ஒரு புத்தகத்தின் வெவ்வேறு பக்கங்களைக் கண்ணை மூடிப் புரட்டி விரல் பட்ட சொல்லை எடுங்கள். குறளின் முதல் அடி, சினிமா வசனம், பாட்டு வரி வேண்டாம். அவை தொடர்ச்சியாக வருபவை, பட்டியல்களில் இருப்பவை. மேலே நான் எழுதிய ஐந்து சொற்களும் வேண்டாம்.

இதில் ஒரு நடைமுறை வசதியும் இருக்கிறது. டிவி ரிமோட்டில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, குறி என்று மாற்றி மாற்றி அடிப்பது பெரும்பாடு. சிறிய எழுத்து மட்டும் என்றால் முப்பது எழுத்தானாலும் சீக்கிரம் முடிந்துவிடும். வீட்டுப் பெரியவர்களுக்கும் வாயால் சொல்லிக்கொடுத்துவிடலாம். வைஃபை பாஸ்வேர்ட் குறைந்தது 8 எழுத்து, அதிகபட்சம் 63 எழுத்து. ஐந்து சொற்கள் தாராளமாக அடங்கும்.

வைஃபையின் பெயரையும் மாற்றுங்கள். பெட்டியோடு வந்த பெயர் எந்த நிறுவனம், சில நேரம் எந்த மாடல் என்பதைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு, டபிள்யூ.பி.ஏ.2 தன் சாவியைக் கணக்கிடும்போது பாஸ்வேர்டோடு வைஃபை பெயரையும் சேர்த்துக்கொள்கிறது. எல்லா வீட்டிலும் இருக்கும் பெயர் என்றால், அதற்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த அட்டவணைகள் உடைப்பவருக்குக் கைகொடுக்கும். புதிய பெயரில் கதவு எண், மாடி எண், குடும்பத் தலைவர் பெயர் எதுவும் வேண்டாம். தெருவில் போகிற எல்லோருடைய கைபேசியிலும் அது தெரியும்.

பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். பல மாடல்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம். ஒன்றில் மட்டும் புதிய பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு மற்றதைப் பழையபடி விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படி விட்டால் பழைய ஆட்கள் அந்த வழியாக வந்துகொண்டே இருப்பார்கள். சில ஃபைபர் பெட்டிகளில் எஸ்.எஸ்.ஐ.டி. (வைஃபை பெயர்) 1, 2, 3, 4 என்று நான்கு வைஃபைகள் வரை வைக்கும் இடம் இருக்கும். நான்கையும் திறந்து பாருங்கள். நீங்கள் பயன்படுத்தாதது ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். மாடிக்கு சிக்னல் போக ரிப்பீட்டர் மாட்டியிருந்தால் அதற்கும் தனியாகப் பெயர், பாஸ்வேர்ட், அட்மின் லாகின் எல்லாம் உண்டு.

எந்தப் பூட்டு?

'செக்யூரிட்டி' அல்லது 'என்கிரிப்ஷன்' என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரியும். டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 2018இல் அறிமுகமான இதில், மேலே சொன்னபடி செய்திகளைப் பதிவு செய்துகொண்டு வீட்டில் போய்ச் சோதிக்கும் வித்தை செல்லாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரையே கேட்டாக வேண்டும். பழைய டிவி, பழைய பிரிண்டர் இணைய மறுத்தால் 2, 3 இரண்டும் கலந்த தேர்வை வையுங்கள். டபிள்யூ.பி.ஏ.3 இல்லாத பெட்டி என்றால் டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என்பதை வையுங்கள், ஐந்து சொல் பாஸ்வேர்டோடு அது இன்றும் நல்ல பூட்டுதான். டி.கே.ஐ.பி. என்று எங்கே இருந்தாலும் தவிர்க்கவும். அது பாதுகாப்பிலும் பலவீனம், அதை வைத்தால் வேகமும் 54 எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றுவிடும்.

டபிள்யூ.இ.பி. என்பது மட்டும்தான் உங்கள் பெட்டியில் இருக்கிறது என்றால், அந்தப் பெட்டியை மாற்றுங்கள். அது 2001லேயே அம்பலமான பூட்டு. 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் அதைத் திறந்து காட்டினார்கள்.

டபிள்யூ.பி.எஸ்.ஸை அணையுங்கள்

பாஸ்வேர்ட் அடிக்காமல் ஒரு பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க பின் எண்ணைப் போட்டோ கருவிகளை இணைக்கும் வசதி இது. இந்த பின் முறையில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபக் என்ற ஆய்வாளர் அதை வெளியிட்டார். எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி வாய்ப்பு என்று நினைப்போம். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. மேலும் ரவுட்டர் முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகவும் அடுத்த பகுதியைத் தனியாகவும் சரிபார்த்து, எந்தப் பாதி தவறு என்று சொல்லிவிடும். ஆக முதல் பாதிக்கு 10,000, அடுத்த பாதிக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சிகள்தான். சில மணி நேர வேலை. உங்கள் ஐந்து சொல் பாஸ்வேர்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தப் பக்கவாசல் திறந்திருந்தால் பயனில்லை. பின்னர் வந்த பெட்டிகளில் தவறான முயற்சிகளைத் தடுக்கும் ஏற்பாடு செய்தார்கள் என்றாலும், உங்கள் பெட்டியில் அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொண்டிருப்பதைவிட அணைத்துவிடுவதே நிம்மதி.

உள்ளே யார் இருக்கிறார்கள்?

பாஸ்வேர்ட் மாறியதும் எல்லாக் கருவிகளும் வெளியே போயிருக்கும். இதுதான் கணக்கெடுக்கச் சரியான நேரம். ஒவ்வொன்றாக மறுபடி இணைத்துக்கொண்டே போங்கள். 'கனெக்டட் டிவைசஸ்' அல்லது 'டி.எச்.சி.பி. கிளையன்ட்ஸ்' என்ற பட்டியலில் அது எந்தப் பெயரில் வருகிறது என்று பார்த்து, அட்மின் பாஸ்வேர்ட் எழுதிய தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்துக் கலங்கிப்போகிறவர்கள் நிறைய. 'எஸ்ப்ரெசிஃப்' என்று ஏதோ ஒன்று இருக்கிறதே, யார் இந்த வெளிநாட்டுக்காரன் என்று பதறுவார்கள். அது ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றுக்குள் இருக்கும் சிப்பைச் செய்யும் ஷாங்காய் நிறுவனத்தின் பெயர். 'டூயா' என்று வந்தாலும் அதே மாதிரிதான். 'அஸுர்வேவ்', 'லைட்டான்', 'ஹான் ஹாய்' போன்ற பெயர்கள் லேப்டாப்பிலும் டிவியிலும் உள்ள வைஃபை அட்டையைச் செய்தவர்களுடையது. இன்னொரு குழப்பமும் உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல், கைபேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. அதனால் உங்கள் சொந்த ஃபோனே பெயர் தெரியாத கருவியாகப் பட்டியலில் நிற்கலாம். சந்தேகம் வந்தால் அந்தக் கருவி எது என்று ஊகித்துக்கொண்டிருக்காமல், வீட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்தால் அந்தப் பெயர் மறைகிறதோ, அதுதான். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கருவியைத் தவிர எல்லாவற்றையும் அணைத்து, கொஞ்ச நேரம் பொறுத்த பிறகும் ஒன்று மிச்சம் நின்றால் அது வெளியாளாக இருக்கலாம்.

பெட்டியில் விளக்கு சிமிட்டுவதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். யாரும் பயன்படுத்தாத நடுராத்திரியிலும் டிவியும் கேமராவும் ஏதாவது அனுப்பிக்கொண்டும் வாங்கிக்கொண்டும்தான் இருக்கும்.

விருந்தாளிக்குத் தனி வழி

வீட்டுக்கு வருபவரிடம் வைஃபை தர மாட்டேன் என்று சொல்ல நமக்கு மனம் வராது, சொல்லவும் வேண்டாம். அதற்குத்தான் 'கெஸ்ட் நெட்வொர்க்' இருக்கிறது. அதே பெட்டியில் இன்னொரு பெயரில், இன்னொரு பாஸ்வேர்டில் ஓடும். அதில் இணைந்தவருக்கு இணையம் கிடைக்கும். உங்கள் கணினியும் கேமராவும் ரவுட்டர் பக்கமும் கிடைக்காது. அந்த பாஸ்வேர்டை மூன்று சொல்லில் வைத்து, விசேஷம் முடிந்ததும் மாற்றிவிடலாம். வீட்டுக் கருவிகள் எதையும் மறுபடி இணைக்க வேண்டிய தொல்லை இல்லை.

கியூஆர் கோடு காட்டிப் பகிர்வதும் பாஸ்வேர்டைச் சொல்வதும் ஒன்றுதான். அந்தப் படத்துக்குள் பாஸ்வேர்ட் வெறும் எழுத்தாகவே இருக்கிறது. ஒரு ஸ்கிரீன்ஷாட் குடும்ப வாட்ஸாப் குழுவுக்குப் போனால் அத்தனை பேருக்கும் போயிற்று. ஊரில் உள்ள இலவச வைஃபைகளைக் காட்டுகிறோம் என்று சொல்லும் செயலிகளிடமும் கவனம் தேவை. அவற்றில் சில, பயனர்கள் பகிரும் பாஸ்வேர்டுகளை வைத்தே நடக்கின்றன. உங்கள் வீட்டு பாஸ்வேர்ட் விருந்தாளி ஒருவரின் கையிலிருந்து அங்கே போய்ச் சேரலாம்.

ஸ்மார்ட் பல்பு, பிளக், மலிவான கேமரா போன்றவற்றையும் கெஸ்ட் பக்கம் தள்ளுவது நல்லது. கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றும்போது இவற்றை மட்டும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். அவற்றுக்கு மென்பொருள் அப்டேட் வருவது அபூர்வம். டிவியை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். ஃபோனிலிருந்து டிவிக்கு காஸ்ட் செய்யும் பழக்கம் இருந்தால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். பிரிண்டருக்கும் அப்படியே.

வெளியிலிருந்து வரும் வாசல்கள்

இதுவரை சொன்னது சிக்னல் எட்டும் தூரத்தில் இருப்பவரைத் தடுக்க. இணையத்தின் மறுமுனையில் இருப்பவருக்கு வேறு வாசல்கள்.

'ரிமோட் மேனேஜ்மென்ட்' அல்லது 'வேன் ஆக்சஸ்' என்று இருப்பதை அணையுங்கள். ரவுட்டர் பக்கத்தை வெளியூரிலிருந்து திறக்க வேண்டிய அவசியம் வீட்டுக்காரருக்கு வருவதில்லை. இணைய நிறுவனம் தன் பெட்டியை நிர்வகிக்க டி.ஆர்.069 என்ற தனி வழி வைத்திருக்கும். நிறுவனத்தின் பெட்டி என்றால் அதை விட்டுவிடுங்கள், அப்டேட் வருவதே அதன் வழியாகத்தான்.

'போர்ட் ஃபார்வர்டிங்' பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். போர்ட் என்பது வெளியிலிருந்து வீட்டுக் கருவி ஒன்றுக்கு நேராக வரும் வாசல். கேமரா மாட்ட வந்தவர், நீங்கள் வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக அங்கே ஒரு போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ரெக்கார்டரின் பாஸ்வேர்ட் அட்மின், 12345 என்றே இருந்தால், உங்கள் வீட்டு வாசலையும் ஹாலையும் உலகமே பார்க்கலாம். ரெக்கார்டர் நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்க முடிந்தால் திறந்த போர்ட்டை நீக்கிவிட்டு, ரெக்கார்டரின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். யூ.பி.என்.பி. என்பது கருவிகள் தாமாகவே இப்படிப் போர்ட் திறந்துகொள்ள அனுமதிக்கும் வசதி. அணைத்துவிடலாம். பிளேஸ்டேஷன் போன்றவற்றில் நண்பர்களோடு ஆடும்போது தகராறு வந்தால் மட்டும் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

டி.என்.எஸ். என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அடிக்கும் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது அந்த சர்வர்தான். அதை மாற்றிவிட்டால் வங்கியின் பெயரை அடித்தவரைப் போலிப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். பிரேசிலில் 2011இல் 45 லட்சம் மோடம்களில் இப்படித்தான் செய்தார்கள். 'ஆட்டோ' என்றோ 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9 போன்ற பலரும் அறிந்த எண்களோ இருந்தால் சரி. அறிமுகமில்லாத எண் இருந்தால் இணைய நிறுவனத்திடம் அது அவர்களுடையதா என்று கேளுங்கள். இல்லை என்றால் பெட்டியை ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு.

சொந்தமாக வாங்கிய ரவுட்டர் என்றால் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டைத் தானாக நடக்கும்படி வையுங்கள். 2018 மே மாதம் வெளியான விவரப்படி, 'விபிஎன்ஃபில்டர்' என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளைப் பிடித்திருந்தது. பெரும்பாலும் தெரிந்த ஓட்டைகள் அடைக்கப்படாமல் விடப்பட்ட வீட்டு, சிறு அலுவலக ரவுட்டர்கள். தயாரிப்பாளர் அப்டேட் தருவதையே நிறுத்திவிட்ட மாடல் என்றால், அது நன்றாக ஓடுகிறது என்பதற்காக வைத்திருக்க வேண்டாம்.

நேரம் செலவழிக்கத் தேவையில்லாதவை

வைஃபை பெயரை மறைத்து வைக்கச் சொல்வார்கள். மறைத்தாலும் கருவிகள் இணையும்போது அந்தப் பெயர் காற்றில் வெளிப்படத்தான் செய்யும். அதோடு, மறைந்த வைஃபையைத் தேடி உங்கள் ஃபோன் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டிருக்கும்.

மேக் முகவரி வடிகட்டுதல் என்பதும் அப்படியே. அனுமதி பெற்ற கருவியின் முகவரி காற்றில் மறைக்கப்படாமலே போகிறது. அதைப் பார்த்துத் தன் கணினிக்கு அதே முகவரியைப் போட்டுக்கொள்வது ஐந்து நிமிட வேலை. முகவரியை மாற்றிக்கொள்ளும் இன்றைய ஃபோன்களோடு இதை வைத்துக்கொண்டு அல்லாடப்போவது நீங்கள்தான்.

யாரோ வந்துபோன தடயம் கிடைத்தால்

பாஸ்வேர்டை மாற்றுவதோடு விஷயம் முடிந்துவிடும் என்றால் அதோடு விடுங்கள். தெரிந்த பையன் என்றால் கூப்பிட்டுப் பேசினால் போதும். பரீட்சைக்குப் படிக்க நெட் இல்லை என்றால் கெஸ்ட் பாஸ்வேர்டைக் கொடுக்கலாம்; அது உங்களுக்குத் தெரிந்து நடப்பது. ஆனால் உங்கள் இணைப்பிலிருந்து மிரட்டல், பண மோசடி போன்றவை நடந்ததாகத் தெரிந்தால், அல்லது அட்மின் பாஸ்வேர்டே மாற்றப்பட்டிருந்தால், முதலில் கருவிகளின் பட்டியலையும், நடந்தவை பதிவாகும் 'லாக்' பக்கத்தையும் தேதி, நேரத்தோடு படமெடுத்து வையுங்கள். ரீசெட் செய்தால் அந்தத் தடயங்கள் போய்விடும். அப்புறம் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணையோ உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தையோ அணுகுங்கள். அனுமதியின்றி நேர்மையற்ற நோக்கத்தோடு பிறர் நெட்வொர்க்கில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

பெட்டி கைமாறும் நாட்கள்

நெட் பழுது பார்க்க வருபவர் பெட்டியின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்தாலோ, புதுப் பெட்டியை மாற்றி வைத்தாலோ, அட்மின் பாஸ்வேர்ட், டபிள்யூ.பி.எஸ்., கெஸ்ட் நெட்வொர்க் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். வீட்டில் கருவிகள் தொல்லையில்லாமல் இணையட்டும் என்று அவர் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் திரும்பப் போட்டுக் கொடுத்துவிடுவார். மற்றவை மாறியது யாருக்கும் தெரியாது. அதனால் அவர் கிளம்பியதும் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். வீடு மாறும்போதோ பெட்டியை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்கும்போதோ அதே துளையில் நீங்களே ஊசியை விட்டு, விளக்குகள் எல்லாம் அணைந்து எரியும்வரை பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து அழித்துவிட்டுக் கொடுங்கள்.